கண்ணை மட்டும் விட்டுவிட்டு

எங்கள் ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பன்காரன் ஒரு வசனம் சொல்ல வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் சொல்லாமல் வந்தால் வாத்தியாரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். பந்தியில் உட்கார்ந்தவரிடம் "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று சொல்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை. என் அப்பா எனக்காகச் சொன்னார். என் மாமனார் என் வீட்டுக்காரருக்காகச் சொன்னார். என் மகளுக்கு மூன்று வயது முடிந்து, விருத்தாசலத்தில் ஒரு இங்கிலீஷ் நர்சரியில் சேர்க்கப் போனபோது, என் வீட்டுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து அதைச் சொன்னார்.

"கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு, மீதித் தோல உரிச்சி எடுத்துடுங்க சார். நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்."

பள்ளிக்கூடத்துக்காரர் மேசைக்குப் பின்னால் குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் ஒரு மிஸ் நின்றிருந்தது. ப்ளஸ் டூ முடித்து வந்த வயசு, துப்பட்டாவுக்கு ரெண்டு பக்கமும் பின் குத்தியிருந்தது. அது சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டியது, கடையில் ஒருவர் சாமான் சொல்லச் சொல்ல மனதில் வாங்கிக்கொள்கிற மாதிரி. என் மகள் அப்பாவின் சுண்டுவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு எங்கள் ஊரில் களிமண் பொம்மை செய்கிற செராமிக் ஷெட்டுகளில் எனக்கு வைத்திருக்கிற பெயர் 'பால்வாடிப் பைத்தியம்'. மூன்று வயசுப் பிள்ளையை வேனில் திணித்து அனுப்பாதே, பால்வாடிக்கு அனுப்பு, விளையாடட்டும், பேசட்டும், பாடட்டும், அதுதான் அந்த வயசுக்குப் படிப்பு என்று ஷெட் ஷெட்டாகப் போய்க் கத்துகிறேன். சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்பேன். "வந்துட்டாய்யா, பால்வாடில ஒனக்கு எவ்ளோ கமிஷன்?" என்பார்கள். கமிஷன் கேட்கிறவன் வாயில் களிமண்ணை அள்ளி அடைக்கலாம் என்று வரும். ஏன் இந்த வேண்டாத வேலை என்று நல்லவிதமாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் ஷெட்டில் பொம்மை சீவுகிற வேலை செய்தேன், இப்போதும் செய்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ரெண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு பிசிறு நிற்கும். சின்னக் கத்தியால் அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். பிள்ளையார், செட்டியார், தலையாட்டுகிற கிழவன், கிளி, எல்லாம் என் கைக்கு ஈரமாகத்தான் வரும். அழுத்திச் சீவினால் மூக்கு போய்விடும். என் வீட்டுக்காரர் அதே ஷெட்டுக்குக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். ஏற்றிப் போகிற பொம்மைப் பெட்டி உடைந்தால் முதலாளி அவரைத் திட்டுவார், அவர் வீட்டுக்கு வந்து என்மேல் கை வைப்பார், நான் திருப்பி வைப்பேன். தெருவில் எங்கள் வீட்டுக்கு 'ரெஸ்லிங் வூடு' என்று பெயர். இதை ஒன்றும் பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் அடி என்பது உப்பு புளி மாதிரி தினம் இருக்கிற சாமான் என்று சொல்ல வந்தேன்.

என் மகள் பிறவியிலேயே இடது கைக்காரி. மாமியார் சோற்றுத் தட்டில் அந்தக் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னா எழவோ, இந்தக் கைதான் நீளுது" என்று விட்டுவிட்டார். நர்சரியில் விடவில்லை. சிலேட்டு கூட இல்லை, நேராக நோட்டு, பென்சில், நாலு கோடு. மூன்று வயசுக்கு விரலில் பிடி ஏது? இடது கையில் பென்சிலை எடுத்தால் மர ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும். வலது கையில் எடுத்தால் எழுத்து வராது, அதற்கு இன்னொன்று இறங்கும். சேர்த்த கொஞ்ச நாளிலேயே மதியம் வேனிலிருந்து இறங்கும்போது இடது கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். பிரித்துப் பார்த்தேன். விரல் முட்டி நாலும் தடித்துக் கன்றிப் போயிருந்தது.

"யாருடி அடிச்சது?"

கையைப் பிடுங்கித் திரும்பவும் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டாள். ஓயாமல் பேசுகிற பெண். காக்கா ஏன் கறுப்பு, பஸ்ஸு ஏன் கத்துது, தண்ணி ஏன் வழுக்குது என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். பாயில் ஒன்றுக்குப் போனாள். வேன் ஹாரன் கேட்டால் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒண்டினாள். நானே அவளை இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் கையைக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியாத மாடு படியாது. எங்க வாத்தி அன்னிக்கி இன்னும் நாலு சேத்துப் போட்டிருந்தா நான் இந்நேரம் கலெக்டரு" என்றார்.

"ஒங்க வாத்தி போட்ட போடுலதான அஞ்சாவதோட ஓடியாந்த?" என்றேன்.

அன்றைக்கு அதற்கு ஒரு சண்டை. நம் பழமொழிகளை எடுத்துப் பாருங்கள், பாதி போலீஸ் கேஸ். அடியாத மாடு படியாது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர். எவன் இதையெல்லாம் கட்டினானோ அவன் வீட்டுப் பிள்ளை என்ன ஆனது என்று யாருமே சொல்லவில்லை. மாமியார் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டலாம், சாமி பார்த்துக்கொள்ளும் என்றார். எங்கள் பக்கம் யார்மேல் குறை இருந்தாலும் தாளில் எழுதி அந்தச் சாமியிடம் கட்டிவிட்டு வருவார்கள். யார்மேல் கட்டுவது? பெற்ற அப்பனே உரிக்கச் சொல்லியிருக்கிறான்.

சூளையில் வெடித்த பொம்மைகளை ஷெட்டுக்குப் பின்னால் கொட்டுவார்கள். அதில் நல்லதாகப் பார்த்து நாங்கள் பிள்ளைகளுக்கு எடுத்து வருவோம். என் மகளிடம் ஒரு கூடை நிறைய இருந்தது. புல்லாங்குழல் இல்லாத கண்ணன், காது போன யானை, தொப்பையில் விரிசல் விட்ட செட்டியார். முன்பெல்லாம் அவற்றுக்குக் கல்யாணம் செய்வாள், பஸ்ஸில் ஏற்றி பெண்ணாடத்துக்கு என் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவாள். ஒரு மதியம் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, எதிரில் நின்றிருந்தாள். கையில் தோசைக் கரண்டி.

"ஏ ஃபார்?" என்றாள். பல நாளுக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து வந்த பேச்சு அது.

செட்டியார் பதில் சொல்லவில்லை. டொக். தொப்பை உடைந்தது.

"ஏ ஃபார்?"

கண்ணன் பதில் சொல்லவில்லை. கழுத்து போனது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். கிளியிடம் வந்ததும் குனிந்து, அதன் முகத்தில் ரெண்டு விரலை வைத்து மறைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் அடித்தாள். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துச் சிரித்தார். "அய்ய, டீச்சரம்மா என்னா போடு போடுது பாரேன்!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டி அவளுடைய வலது கையில் இருந்தது. எழுத வராத கை அடிக்க நன்றாக வந்திருந்தது.

அதற்குப் பின்னால் வந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அது நடந்தது. அவளுக்கு ஒரு தம்பி, அப்போது கைப்பிள்ளை, குப்புற விழுந்து தவழப் பார்க்கிற பருவம். கூடத்தில் பாயில் விட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டு குடத்தோடு வாசலுக்குப் போனேன். வீட்டுக்காரர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குடம் பாதி நிறைவதற்குள் உள்ளே பிள்ளை அலறியது. பசிக்கு அழுகிற அழுகை வேறு, இது வேறு. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பாயெல்லாம் ரத்தம். பிள்ளையின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பிளந்து, முகமெல்லாம் வழிந்து, வாய்க்குள் போய், அது இருமிக்கொண்டே அலறியது. என் மகள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கரண்டி. இடது கையின் ரெண்டு விரல் தம்பியின் கண்மேல் இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, தப்பு செய்த முகமே இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"கண்ணுல அடிக்கலம்மா. கண்ண வுட்டுட்டன்."

அந்தப் பேச்சை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினேன், வண்டியில் ஏறினோம், வண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அவளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, மாமியார் கம்மாபுரத்தில் நாத்தனார் வீட்டில் இருந்தார். அவளையும் முன் சீட்டில் போட்டுக்கொண்டு போனோம். பிள்ளைக்குத் தையல் போட்டார்கள். அந்தக் கத்தலை வெளி வராந்தாவில் நின்று கேட்டேன். உசுருக்கு ஒன்றும் இல்லை, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள்.

தையல் போட்ட நர்ஸம்மா வெளியே வந்து, "யாரும்மா அடிச்சது கொழந்தய?" என்றார்.

என் வீட்டுக்காரர் திரும்பி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எட்டி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார், மூன்று வயசுப் பெண்ணின் கால் தரையில் இல்லை. "கொன்னுடுவன்டி ஒன்ன" என்று கையை ஓங்கினார். அவள் கத்தவில்லை, அழவில்லை, என்னைக் கூப்பிடவில்லை. ரெண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, மீதி உடம்பை அப்படியே அவருக்கு விட்டுவிட்டாள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவர் முகத்தில் அடித்தேன். தோளில், முதுகில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தேன். "வுடுய்யா அவள! உரிக்கச் சொன்னது யாரு? நீதான சொன்ன? உரிச்சி அனுப்பியிருக்காங்க பாரு!" ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. ரெண்டு ஆள் என்னைப் பிடித்தார்கள், ஒரு ஆள் அவரைப் பிடித்தார். அவர் உதடு கிழிந்து நின்றார். மகள் தூணோரம் உட்கார்ந்து இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கையைப் பிரிக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

சின்னவன் பிழைத்துக்கொண்டான், தழும்போடு இப்போது ஊரைச் சுற்றுகிறான். அந்தத் திகில் போன பிறகு என் நெஞ்சில் உட்கார்ந்த பயம் பெரியவளைப் பற்றியது. கோபத்தில் தம்பியை அடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், அக்கா தம்பி என்றால் பொறாமை இருக்கும். அவள் கோபத்தில் அடிக்கவில்லை. அதுதான் முறை என்று நினைத்து அடித்தாள். சின்னதாக இருக்கிறதைப் பெரியது இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உலகத்தைப் பற்றி ஒரு பாடம் அவளுக்குள் இறங்கியிருந்தது. ஈர மண்ணில் விழுந்த கைத்தடம் சூளைக்குப் போய் வந்தால் அழியாது. என் பெண் இப்படியே வெந்துவிடுவாளோ என்று பயந்தேன். வேறு எந்தக் கவலையும் அப்போது எனக்கு இல்லை.

மறுநாள் காலையில் வேனை அவளில்லாமல் அனுப்பிவிட்டு, பின்னாலேயே நான் நர்சரிக்குப் போனேன். வேலைக்கு வைத்திருக்கிற சீவுகத்தி இடுப்பில் இருந்தது. அதை எடுத்துப் போனேனா, எப்போதும் இருக்கிற மாதிரி இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நல்லவேளை, கை அதற்குப் போகவில்லை. பிள்ளைகள் எல்லாம் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தது. தோளைப் பிடித்துத் திருப்பி ஓங்கி ஒரு அறை விட்டேன். சாக்பீஸ் பறந்தது. இன்னொன்றுக்குக் கையை ஓங்கினேன்.

அந்தப் பெண் ரெண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டது.

என் மகள் பொத்திய அதே மாதிரி. முழங்கையை வயிற்றோடு ஒட்டி, தலையைக் கவிழ்த்து, மீதி உடம்பை எனக்கு விட்டுவிட்டு. எனக்குக் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இந்தப் பெண்ணுக்கும் ஒரு அப்பன் எங்கேயோ ஒரு மேசைக்கு முன்னால் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறான். நான் திரும்பிப் பார்த்தேன். பாயில் இருந்த அத்தனை பிள்ளைகளும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூட அழவில்லை. சத்தம் இல்லாமல், ஒழுங்காக, வரிசையாக. மூக்கு ஒழுகுகிற வாண்டுகள், டை கட்டிய வாண்டுகள், எல்லாக் கையும் முகத்தில்.

"நான் என்னாக்கா பண்றது?" மிஸ் கையை எடுக்காமலே பேசியது. "எழுத்து வரலன்னா அப்பா அம்மா வந்து என்னதான் கேக்கறாங்க. அடிக்கலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்றாரு சாரு. ஒங்க வூட்டுக்காரருதான் சொன்னாரு. எல்லார் வூட்லயும்தான் சொன்னாங்க."

பள்ளிக்கூடத்துக்காரர் ஓடி வந்தார். "ரவுடித்தனமா பண்ற? ஒன் புருஷன் சொன்னது மறந்துபோச்சா?" என்று என் கழுத்தில் கை வைத்துத் தள்ளினார். நான் மேசையில் இருந்த மர ஸ்கேலை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்து அவர் காலடியில் போட்டேன். "போலீஸ் கூப்புடு. நானும் வரன். என் புள்ள மண்டையும் கூட வரும்" என்றேன். அவர் கூப்பிடவில்லை. வாசலில் இறங்கி, பழமலைநாதர் கோபுரம் தெரிகிற திருப்பம் வரைக்கும் நடந்தேன். அங்கே ஒரு சாத்திய கடைப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மிஸ்ஸை அறைந்ததற்காக அழவில்லை. அந்தப் பாயில் இருந்த கைகளுக்காக அழுதேன். என் பிள்ளை ஒன்றைத் தூக்கி வந்துவிட்டால் மீதி என்ன ஆகும் என்று அப்போதே தோன்றியது, என்னை இந்தப் பைத்தியம் பிடித்த இடம் அந்தப் படிதான்.

எங்கள் தெருக்கோடியில் பால்வாடி இருந்தது. இருந்தது என்றுதான் பேர். எல்லாப் பிள்ளையும் வேனில் போய்விட, ஏழெட்டு வாண்டுகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. இனிமேல் அவளை அங்கேதான் அனுப்பப் போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"என் பொண்ணு முட்டைக்குத் தட்ட ஏந்திக்கினு நிக்கணுமா? ஊரு சிரிக்கும்."

"நீ வளந்ததே சத்துணவு முட்டையிலதான்யா."

"அவ அந்த வாசப்படிய மிதிச்சா நான் வூட்ட விட்டுப் போயிடுவன்."

"போயிட்டு வாங்க. வரும்போது கோதுமை மாவு வாங்கியாங்க."

போனார். மறுநாள் சாயங்காலம் வந்தார். மாவு வாங்கி வரவில்லை. நான் அதற்குள் அவளைப் பால்வாடியில் விட்டிருந்தேன்.

அந்த டீச்சரம்மாவை ஒரு தெய்வம் என்று சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எப்போதும் முணுமுணுப்பு. ரெஜிஸ்டர் எழுதி மாளவில்லை, எடை மெஷின் ரிப்பேர், ஆயா லீவு, முட்டு வலி. ஆனால் அந்த அறையில் குச்சி கிடையாது. மூலை முடுக்கெல்லாம் நான் தேடிப் பார்த்தேன், துடைப்பம்தான் இருந்தது. முதல் நாளே என் மகள் ஒரு பையனை மரக்கட்டையால் முதுகில் போட்டாள். டீச்சரம்மா கட்டையைப் பிடுங்கினார். இவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். சும்மா கடி இல்லை, பல் பதிந்து ரத்தம் கசிந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அறை விழும் என்று என் உடம்பே சுருங்கியது. அவர் இவளை மடியில் இழுத்துப் போட்டு, ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, இவள் உதைத்து உதைத்து ஓய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஏன் டீச்சர், நீங்க ஒண்ணு போடல?" என்றேன்.

"நானும் போட்டா அப்பறம் இவ எதுக்கு இங்க வரணும்? அதுதான் ஒங்க வூட்லயே கெடைக்குதே" என்றார். எங்கள் வீட்டுப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் போயிருந்தது. எனக்குச் சுருக்கென்றது, நேராக ஷெட்டுக்குப் போனேன்.

ஒரே நாளில் மாறிவிட்டாள் என்று கதை விட மாட்டேன். மாதக்கணக்கில் இழுத்தது. அடித்தாள், கடித்தாள், ஒரு பெண்ணின் பின்னலைக் கத்தரித்துவிட்டாள், அந்தப் பெண்ணின் அம்மா என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார். டீச்சரம்மா திட்டுவார், என்னையும் சேர்த்துத் திட்டுவார், கை மட்டும் நீளாது. மெதுவாக இவள் இடது கை பாவாடையிலிருந்து வெளியே வந்தது. அந்தக் கையால் முட்டை உரித்தாள். அந்தக் கையால் மணலில் கோடு இழுத்தாள். ஒரு நாள் சாயங்காலம் என்னோடு நடந்து வரும்போது, "ஆயா ஏம்மா குந்தும்போது அய்யோங்கறாங்க?" என்று கேட்டாள். நடுத்தெருவில் நின்று அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். எவ்வளவு நாள் கழித்து ஒரு 'ஏன்'!

அப்புறம் ஒரு ஞாயிறு. பின்பக்கம் சத்தமில்லாமல் இருந்தது, அவள் சத்தம் கேட்காவிட்டால் அப்போதெல்லாம் தம்பி எங்கே என்றுதான் தேடுவேன். தம்பி என் இடுப்பில்தான் இருந்தான். எட்டிப் பார்த்தேன். அவள் உடைந்த பொம்மைகளை எல்லாம் கூடையிலிருந்து எடுத்து, என் பழைய புடவையை விரித்து, வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். பால்வாடியில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். கழுத்து போன கண்ணன், தொப்பை இல்லாத செட்டியார், எல்லாவற்றுக்கும் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து, "கத்தாதம்மா, தூங்குதுங்க" என்றாள். நான் இடுப்பில் இருந்தவனோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கிளம்பியதுதான். மறு வாரம் ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சீவுகிற பெண்ணிடம் ஆரம்பித்தேன், அவள் பிள்ளையும் அதே நர்சரி. பிறகு பக்கத்து ஷெட்டு, அதற்கடுத்த ஷெட்டு. ஒரு ஷெட்டில் நர்சரி வேன்காரனின் மச்சான் என்மேல் பிளாஸ்டர் அச்சை விட்டெறிந்தான், தோளில் பட்டது. நானும் எடுத்து எறிந்தேன், அவன் குனிந்துவிட்டான். வார்டு கூட்டத்தில் பால்வாடிக் கூரை ஒழுகுகிறது என்று எழுந்து நின்று, உட்காரச் சொன்னவரை எல்லாம் நிற்க வைத்துப் பேசினேன். மூன்று வயசில் ஏ பி சி டி எழுதாவிட்டால் குடி முழுகிவிடாது என்று பட்டணத்திலிருந்து வந்த ஒரு மேடம் ஒரு கூட்டத்தில் மைக்கில் பொறுமையாகச் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் பாணி வேறு, கழுத்தைப் பிடிக்கிற பாணி. என் வீட்டுக்காரர் இன்னும் முழுக்கத் திருந்தவில்லை. ஆனால் டீக்கடையில் யாராவது பால்வாடியை இளக்காரமாகப் பேசினால், "என் பொண்ணு அங்கதான் படிச்சிச்சி, வந்து பாரு" என்று சட்டைக் கையை மடிக்கிறார் என்று கேள்வி.

போன ஜூனில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற ஒரு ஆளை மாதக்கணக்கில் நச்சரித்து, அவன் மகனைப் பால்வாடியில் சேர்க்கச் சம்மதிக்க வைத்திருந்தேன். சேர்க்கிற அன்றைக்கு நானும் போனேன். ஒன்பதாவது படிக்கிற என் மகளும் ஸ்கூல் போகிற வழியில் கூட வந்தாள். அந்தப் பையன் புதுச் சட்டை போட்டு, அப்பன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு டீச்சர் இப்போது, சின்ன வயசு. பேர் எழுதி முடிந்தது. நான் சந்தோஷத்தில் இருந்தேன். அந்த ஆள் கைகூப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு, மீதிய..."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மாதக்கணக்கில் காட்டுக் கத்து கத்தியிருக்கிறேன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இங்கே வந்து இதைச் சொல்கிறானே! "அட நாசமா போறவனே" என்று கையை ஓங்கிவிட்டேன். அறை அவன் கன்னத்தில் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பினேன். என் மகள். இடது கை.

"வுடுடி. இவனுக்கெல்லாம் வாயில சொன்னா ஏறாது."

"அம்மா, கீழ பாரு."

பார்த்தேன். எனக்கும் அவன் அப்பனுக்கும் நடுவில் அந்தப் பையன் ரெண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றான். அப்பன் சொன்னதற்குப் பொத்தவில்லை. சொன்னபோது அவன் பாட்டுக்குச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும். என் கையைப் பார்த்துத்தான் பொத்தினான்.

என் மகள் அந்தப் பையனுக்கு முன்னால் குந்தினாள், என் மணிக்கட்டை விடாமலே, அதனால் நானும் குனிய வேண்டியிருந்தது. அவன் விரல்களுக்கு நடுவில் ஒரு கண் தெரிந்தது, மறுபடி மூடியது. "ஒண்ணும் இல்லடா, யாரும் அடிக்க மாட்டாங்க" என்றாள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. என் கை வலித்தது, நான் இழுத்துக்கொள்ளவில்லை. அவன் தானாக ஒவ்வொரு விரலாக எடுத்து முடிக்கிற வரைக்கும் என் மகள் என் கையை விடவில்லை.